எத்தனை இஞ்ச் தண்ணிங்க?

என் மகளின் கல்யாணத்துக்காக நான்கு மண்டபங்களைப் பார்த்தேன். நான்கையும் வேண்டாம் என்றேன். முதல் மண்டபத்தில் காற்றோட்டம் போதாது என்று சொன்னேன். இரண்டாவதில் வாசல் தெற்குப் பார்த்திருக்கிறது என்றேன். வாஸ்து மேல் எனக்குத் துளி நம்பிக்கையும் கிடையாது. மூன்றாவதில் சமையலறைப் புகை. நான்காவதற்கு என்ன குறை சொன்னேன் என்பது எனக்கே மறந்துவிட்டது.

உண்மைக் காரணத்தை இப்போது ஒப்புக்கொள்கிறேன். நான்கிலும் மேடையிலிருந்து கழிப்பறை வெகு தூரம். நான்காவது மண்டபத்தில் யாரும் பார்க்காத நேரத்தில் நடந்து காலடிகளை எண்ணியும் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு எட்டு. போக நூற்றுப் பன்னிரண்டு, வர நூற்றுப் பன்னிரண்டு, போய்ச் சேர்ந்த பிறகு சொட்டுச் சொட்டாகக் காத்திருக்கும் நேரம் தனி. அதற்குள் கெட்டிமேளம் முடிந்து, தாலி ஏறி, முதல் பந்தியில் பாயசம் வந்துவிடும். ஐம்பத்தேழு வயது, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு முப்பது வருடம், நாலு புத்தகம் படித்தவன் என்று தெருவில் ஒரு பெயர். அப்பேர்ப்பட்டவன் பெண்ணுக்கு மண்டபம் தேடிய லட்சணம் இது.

இந்தச் சங்கதி உலகத்தில் யாருக்குத் தெரிந்தாலும் கம்ப்ரசருக்கு மட்டும் தெரியக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

சூரமங்கலத்தில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு கம்ப்ரசருடையது. ரகசியம் காக்கத் தெரியாதவர்களுக்கு என்று சேலத்தில் ஒரு போட்டி வைத்தால் கம்ப்ரசர் அதில் கலந்துகொள்ள மாட்டார், நடுவராக உட்காருவார். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக்கு வண்டியில் முப்பது வருடம் ஊர் ஊராகப் போனவர். வண்டியின் கம்ப்ரசருக்குப் பக்கத்திலேயே நின்று நின்று காது பாதி போய்விட்டது. காது போனவர்களுக்கு வரும் குரல் அவருக்கும் வந்துவிட்டது. அவர் தன் வீட்டு வாசலில் நின்று ரகசியம் பேசினால் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பெயர் அப்படி வந்ததுதான். நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கக்கூடும்.

உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் அவர் போர் போடும் கணக்கில்தான் பார்ப்பார். ரிக்குக்காரர்களுக்குக் கிணற்றில் வரும் தண்ணீர் இஞ்ச் கணக்கு. ஒரு இஞ்ச் என்றால் சுமார், இரண்டு என்றால் பரவாயில்லை, மூன்று இஞ்ச் வந்தால் கறி விருந்து. எதிர்வீட்டுப் பையன் பரீட்சை எழுதிவிட்டு வந்தால் "எத்தன இஞ்ச் வருங்கண்ணு?" என்பார். பக்கத்துத் தெருவில் ஒருவருக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துக் குழந்தை பிறந்தபோது, ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "ஆயரம் அடிக்கு மேல போயித் தண்ணி வந்துருக்குது, பாறை கெட்டிப் பாறை!" என்று அவர் அறிவித்ததைக் கேட்டு அந்தத் தகப்பன் ஒரு மாதம் தெருவில் தலைகாட்டவில்லை. தையல்கடைக்காரரின் மூலநோய் எங்கள் தெருவுக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும், மின்கணக்கு எடுக்க வருபவருக்கும் தெரியும். எல்லாம் கம்ப்ரசர் உபயம்.

ஆகவே நான் மறைத்தேன். தெருவில் நின்று பேசும்போது நடுவில் ஓட வேண்டியிருந்தால் அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஒரு நாளைக்கு ஆறு தடவை பால் வைக்கும் வீடு எங்களுடையது.

சேலத்தில் ஒரு மருத்துவரை யாருக்கும் தெரியாமல் பார்த்தேன். ஸ்கேன் எடுத்துவிட்டு அவர் சாந்தமாகச் சொன்னார்.

"புராஸ்டேட் வீங்கியிருக்கு சார். வயசானா முடி நரைக்கிற மாதிரி இதுவும். கேன்சர் இல்ல, சாதாரண வீக்கம். ஆனா சிறுநீர் வர்ற வழியை நெருக்குது. லேசர்ல எடுத்துடலாம். வெட்டு, தையல் எதுவும் கிடையாது."

எனக்கு "எடுத்துடலாம்" என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. குறிப்பிட்ட நாளில் போனேன். படிவத்தில் கையெழுத்துப் போடும் இடம் வரை வந்துவிட்டேன். "பேனா எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லி எழுந்து, வெளியே வந்து, டவுன் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். பேனா சட்டைப் பையில் இருந்தது.

அதற்கப்புறம் ஒரு மாதம் கழித்துச் சளி பிடித்தது. மருந்துக்கடையில் நானே கேட்டு வாங்கி மாத்திரை போட்டுக்கொண்டேன். மூக்கு நின்றது. மறுநாள் காலை மற்றதும் நின்றது. ஒரு சொட்டு இல்லை. மதியத்துக்குள் அடிவயிறு தவில் மாதிரி ஆகிவிட்டது. அதே மருத்துவரிடம் ஆட்டோவில் போய் விழுந்தேன். "இந்தப் பிரச்சனை இருக்கறவங்க அந்த மாத்திரையைத் தொடலாமா சார்?" என்றபடி அவர் குழாய் போட்டுவிட்டார். போட்ட குழாயை ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தார்கள். வரவில்லை. திரும்பவும் போட்டார்கள். கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருந்தது. இடுப்பில் பட்டு வேட்டி, அதற்குள் குழாய், குழாயின் முனையில் பை. இந்தக் கோலத்தில் மேடையில் நின்று மகளின் கையைப் பிடித்துக் கொடுப்பதை நினைத்தபோதுதான் எனக்குக் கையெழுத்துப் போடும் தைரியம் வந்தது.

"சேலம் வேண்டாம்" என்றேன் மனைவியிடம். "தெருவுக்குத் தெரிஞ்சுரும்."

"நாமக்கல்ல ஒரு டாக்டர் இருக்காராமுங்க. இதே லேசருதான் பண்றாராம். அங்க போலாம்" என்றாள். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. நாமக்கல் ஐம்பது கிலோமீட்டர். கம்ப்ரசரின் குரலே அவ்வளவு தூரம் எட்டாது.

இரண்டு கட்டில் போட்ட அறை. உள்ளே நுழைந்தேன். ஜன்னல் பக்கத்துக் கட்டிலில், இடது கையில் சிறுநீர்ப் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது.

"அட, ரயில்வே சாரு! ஏனுங்க, உங்குளுக்கும் தூந்து அடச்சுப் போச்சுங்களா?"

தாழ்வாரத்தில் யாரோ கொண்டுபோன ஒரு தட்டு கீழே விழுந்த சத்தம் கேட்டது. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஃபிளாஸ்க்கை எங்கே வைப்பது என்று தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எங்கண்ணா இங்க?" என்றேன், செத்த குரலில்.

"இந்த ஆஸ்பத்திரிக்கு போர் போட்டதே நாந்தானுங்க. மூணு இஞ்ச் தண்ணி. இன்னிக்கி வரைக்கும் கொறையல. தண்ணி நிக்காத ஆஸ்பத்திரிக்குத்தான தண்ணி நின்னவன் வரோணும்?"

அவருக்கு முந்தின நாள் காலையில் முடிந்திருந்தது. இந்த ஒரு நாள் அனுபவத்தில் அவர் முழு மருத்துவராகிவிட்டார். மருத்துவர் என்னைப் பார்க்க வந்தபோது நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்துக் கட்டிலிலிருந்து கேள்வி புறப்பட்டது.

"டாக்டரே, சாருக்குத் தொளைக்க எத்தன இஞ்ச் பிட்டு போடுவீங்க?"

மருத்துவர் இளைஞர். ஒரு நாளில் பழகிவிட்டிருந்தார். "பிட்டெல்லாம் இல்லீங்கய்யா. மெல்லிசா ஒரு குழாய். சிறுநீர் வர்ற வழியிலயே உள்ள போய், அடைக்கிற சதையை மட்டும் லேசர்ல குடைஞ்சு எடுத்துருவோம்."

"அதத்தானுங்க நானும் இவுருகிட்டச் சொல்லோணும்னு இருக்கேன்" என்றார் கம்ப்ரசர். மருத்துவர் போனதும் சொல்லவும் ஆரம்பித்தார். மொத்தத் தளத்துக்கும் கேட்கும்படி.

"இங்க பாருங்க சாரு. புது போர் போட்டாத்தான் நெலத்தக் கிழிக்கோணும். உங்குளுது பழைய போரு. கொழாயி இருக்குது, வழி இருக்குது, கீழ தண்ணியும் இருக்குது. நடுவால மண்ணு சரிஞ்சு அடச்சுக்கிச்சு. மேலயிருந்தே கொழாய எறக்கிக் காத்து அடிச்சா, சேத்தப் பூராக் கக்கிட்டுத் தண்ணி தெளிஞ்சு வந்துரும். நாங்க ஃபிளஷிங்கும்போம். முக்காமணி நேர வேலை. இதுக்குப் போயி மூஞ்சிய இப்படி வெச்சிருக்கறீங்க?"

எனக்குக் கோபம் பொங்கியது. இரண்டு மருத்துவர்கள், ஒரு வண்ணப்படம், செல்போனில் நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்த ஒரு வீடியோ. இத்தனையும் மூன்று மாதமாக எனக்கு விளங்கவைக்க முடியாததை இந்த மனிதர் அரை நிமிடத்தில் விளங்கவைத்துவிட்டார். புரிந்துபோனதுதான் கோபத்துக்குக் காரணம். புரியாமல் இருந்தால் இன்னொரு தடவை பேனா எடுக்கப் போகலாம்.

மறுநாள் காலை என்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து அறுவை அரங்கின் வாசலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு தகராறு நடந்துகொண்டிருந்தது. ஒரு கையில் சிறுநீர்ப் பை, இன்னொரு கையில் தேங்காய், மேல்துண்டில் முடிந்த கற்பூரம் என்று கம்ப்ரசர் நின்றிருந்தார். ரிக்கு இறக்கும் இடத்தில் தேங்காய் உடைக்காமல் வேலை ஆரம்பிக்கக் கூடாது என்பது அவர்கள் தொழிலில் வழக்கம்.

"ஐயா, இது தியேட்டருங்க! இங்க கற்பூரம் கொளுத்தக் கூடாது, ஆக்சிஜன் இருக்கு" என்று சிஸ்டர் மறித்துக்கொண்டு நின்றார்.

"பாயிண்டுல தேங்கா ஒடைக்காம எறக்குனா பிட்டு சிக்கிக்கும் தாயி! எனக்கு ஒடைக்கலைன்னாப் பரவால்லைங்க, நான் தொழில்காரன். இவுரு பயந்த சுபாவம்."

தாழ்வாரத்தில் காத்திருந்த பத்துப் பதினைந்து பேரும் பயந்த சுபாவத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சிஸ்டர் ஜெயித்தார். தேங்காய், கீழே மோட்டார் அறைக்குப் பக்கத்தில், அவர் தோண்டிய போரின் மேல் உடைபட்டது என்று பிறகு தெரிந்தது. அதைச் சொன்னதும் அவர்தான்.

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே என் கால்கள் வேறு யாருடையதோ ஆகிவிட்டன. விழித்துக்கொண்டேதான் இருந்தேன். "ஆரம்பிக்கலாமா சார்?" என்று மருத்துவர் கேட்டபோது நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இன்றும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. "சேறு நிறைய இருக்குமா டாக்டர்?" என்று கேட்டேன்.

அறைக்குத் திரும்பிய பிறகுதான் நிஜமான சோதனை. மேலே தொங்கும் புட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் ஒரு குழாய் வழியாக உள்ளே இறங்கும். கழுவிக்கொண்டு இன்னொரு வழியாகப் பையில் வந்து விழும். முதலில் சிவப்பாக வரும், வர வர வெளுக்கும் என்று சொல்லியிருந்தார்கள். கம்ப்ரசர் தன் நாற்காலியை என் கட்டிலின் கால்மாட்டில், என் பைக்கு நேராகப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முப்பது வருடம் போரிலிருந்து வரும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே அடியில் என்ன இருக்கிறது என்று சொன்னவராம். அந்தத் திறமை முழுவதும் அன்று என் சிறுநீர்ப் பைமேல் கவிந்தது.

"இப்ப செம்மண்ணுங்க."

அரைமணி நேரம் கழித்து, "ரோசாப்பூக் கலருக்கு வந்துட்டுதுங்க. இன்னம் தெளியோணும்."

போனில் யாருக்கோ: "ஆமாங்கொ, ரயில்வே சாருதானுங்க. தெளிஞ்சுட்டு வருது. சாயங்காலத்துக்குள்ள வெள்ளத் தண்ணி வந்துரும்."

"அண்ணா, யாருகிட்ட பேசறீங்க?"

"நம்மாளுதானுங்க. படுங்க நீங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். கண்ணயர்ந்திருப்பேன். மதியம் மூன்று மணி இருக்கும், அடிவயிற்றில் ஏதோ இறுக்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு கனவு. கட்டிடமே அதிரும் குரல் கேட்டு எழுந்தேன்.

"சிஸ்டர்! ஓடியாங்க! உள்ள போற தண்ணி போய்ட்டே இருக்குது. வெளிய வரக் காணமே! அது எங்க போகுதுன்னேன்?"

சிஸ்டர் ஓடி வந்து பார்த்தார். ஓர் இரத்தக்கட்டி குழாயை அடைத்திருந்தது. பெரிய ஊசிக்குழலில் உப்புத் தண்ணீரை எடுத்து, இரண்டு தடவை உள்ளே தள்ளி இழுத்தார். கட்டி வெளியே வந்தது. தண்ணீர் மறுபடியும் ஓடியது. என் வயிற்றில் இறுக்கம் விட்டது.

"நல்ல வேளை உடனே பார்த்தீங்கய்யா" என்றார் சிஸ்டர்.

"இதப் பார்க்கறதுக்குத்தானுங்க சோறு போட்டாங்க முப்பது வருசம்" என்றார் கம்ப்ரசர், கண்ணைப் பையிலிருந்து எடுக்காமல். அன்று மாலை வரை அவர் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. வாயையும் மூடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் என் குழாயை எடுத்தார்கள். இப்போது நானாகப் போக வேண்டும். வந்தால் வீடு. வராவிட்டால் மறுபடியும் குழாய், மறுபடியும் பை, பட்டு வேட்டி. ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, ஒரு சிறிய அறைக்குள் புனல் வைத்த ஒரு இயந்திரத்தின் முன்னால் நின்றேன். எவ்வளவு வேகமாக வருகிறது என்று அது வரைபடம் போடுமாம். முட்டிக்கொண்டு நின்றது. வரவில்லை.

கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம்.

"சாரு! வந்துச்சுங்களா?"

இன்னும் கொஞ்சம் முக்கிப் பார்த்தேன்.

"ஏனுங்க சாரு, தண்ணி வந்துச்சா?"

"நீங்க பேசிட்டு இருந்தா எப்படிண்ணா வரும்?" என்று கத்தினேன். என் குரலும் கம்ப்ரசர் மாதிரி ஆகிவிட்டிருந்தது. "ஜென்மத்துக்கும் வராது! எனக்கு வராது, போங்க! என் பொண்ணு கல்யாணத்துல நான் பையோடதான் நிக்கப் போறேன்!"

வெளியே சத்தம் நின்றது. நான் அறிந்து முதல் தடவையாக அந்த மனிதர் வாயை மூடினார். செருப்புச் சத்தம் விலகிப் போனது. மூஞ்சியில் அடித்த மாதிரி பேசிவிட்டோமே என்று எனக்கு உறுத்தியது. புனலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. தாழ்வாரத்தின் கோடியில் கை கழுவும் குழாயை யாரோ திறந்துவிட்டார்கள். பிறகு அடுத்த குழாய். அதற்கடுத்தது. நான்கு குழாய்களும் திறந்து, தண்ணீர் பீங்கானில் கொட்டும் சத்தம் தாழ்வாரம் முழுவதும் நிறைந்தது. "யாருங்க தண்ணியத் தொறந்து உட்டது?" என்று சிஸ்டர் கத்துவதும் கேட்டது. "என்ற போர்த் தண்ணி தாயி, கொறையாது. ரெண்டு நிமிசம் சும்மாருங்க" என்று பதில் வந்தது. அவரைப் பொறுத்தவரை அது கிசுகிசுப்பு.

அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். வந்தது. சொட்டு இல்லை, தாரை. இயந்திரம் கிர்ரென்று காகிதத்தைத் துப்பியது. ஒன்றரை வருடமாக மறந்துபோயிருந்த ஒரு சத்தத்தைக் கேட்டு, ஐம்பத்தேழு வயது மனிதன் ஒரு புனலின் முன்னால் கண் கலங்கி நின்றேன். இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கதவைத் திறந்தேன். எதிரில் நின்றிருந்தார். கேட்கவில்லை, புருவத்தை மட்டும் தூக்கினார். நான் மூன்று விரலைக் காட்டினேன். அவர் போய் நான்கு குழாய்களையும் ஒவ்வொன்றாக மூடிவிட்டு வந்தார்.

கல்யாணம் ஐந்தாவதாகப் பார்த்த மண்டபத்தில் நடந்தது. மேடைக்குப் பின்னால் ஒன்பதே எட்டில் கழிப்பறை. எனக்குத் தேவைப்படவில்லை. வரவேற்பில் மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் நின்றேன். போட்டோக்காரர்கூட "கொஞ்சம் உக்காருங்க சார்" என்றார். உட்காரவில்லை.

பரிசுப் பொட்டலத்தோடு வரிசையில் கம்ப்ரசர் வரக் கண்டபோது மட்டும் அந்த ஒன்பது எட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். பக்கத்தில் சம்பந்தி, ராசிபுரத்துப் பக்கம் தோட்டங்காடு உள்ளவர், மரியாதைக்காரர். கம்ப்ரசர் மேலே ஏறினார், மணமக்களுக்கு ஆசி சொன்னார், என் காதருகே குனிந்தார். நாதஸ்வரத்தை மீறிக் கேட்டது.

"இப்ப எத்தன இஞ்ச்சுங்க?"

சம்பந்தி திரும்பினார். "எந்தத் தோட்டத்துலைங்க?"

பூமி பிளக்கக் காத்திருந்தேன். கம்ப்ரசர் கண் இமைக்காமல் சொன்னார்: "சாருக்குப் பழைய போர் ஒண்ணு இருக்குதுங்க. தூந்து கெடந்துச்சு. ஃபிளஷிங் பண்ணுனம். மூணு இஞ்ச்."

"பழைய போர உட்டறக் கூடாதுங்க" என்று சம்பந்தி தலையாட்டினார். மீசைக்குள் ஏனோ சிரித்தார். கம்ப்ரசர் இறங்கிப் பந்திக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது மனைவியிடம் உருகிவிட்டேன். "அந்த மனுசனை நான் தப்பா நினைச்சுட்டேன். அவ்வளவு பேர் நடுவுல என் ரகசியத்தைக் காப்பாத்திட்டாரு. தெருவுல ஒருத்தருக்குத் தெரியாது, சம்பந்திக்குத் தெரியாது. ரகசியம்னா இப்படியில்ல காப்பாத்தணும்?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நாமக்கல் டாக்டரச் சொன்னது யாருன்னு நெனச்சீங்க? அவருதான். நாளைக்கு ஆறு தடவ பால் வெச்சா அவருக்குத் தெரியாதுங்களா? உங்களத் தனியா உட்டா ஓடிருவீங்கன்னு, அடுத்த மாசம் அவரு பண்ணிக்க வேண்டிய ஆபரேசன அந்த வாரமே போயிப் பண்ணிக்கிட்டாரு. இந்த மண்டபத்தக் கண்டுபுடிச்சதும் அவருதானுங்க. மேடையில இருந்து நடந்து பார்த்துட்டு, ஒம்போது எட்டுன்னு போன்ல சொன்னாரு. அதுக்கு முன்னாலயே, நாலாவது மண்டபத்துல நீங்க எட்டு எண்ணுனத மாடியில நின்னு சம்பந்தி பார்த்துட்டாரு."

"அப்ப ரகசியம்?"

"ரகசியமாத்தானுங்க வெச்சிருந்தோம்" என்றாள். "உங்ககிட்ட மட்டும்."